வாரம் இரண்டு முறை, மூன்று மணி நேர டயாலிசிஸ்: மருத்துவரிடம் எதைக் கேட்டு மாற்றச் சொல்வது?

சோளிங்கர் மகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 62. நீண்ட காலச் சர்க்கரை நோயால் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, சென்ற ஆண்டின் இறுதியிலிருந்து வேலூரில் உள்ள ஒரு தனியார் மையத்தில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையின் பேரில் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறார். திங்கள், வியாழன் என வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரம். கழுத்தில் போட்ட குழாய் வழியாகவே இன்றுவரை நடக்கிறது. கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஊசி குத்த வழி செய்யும் ஃபிஸ்டுலா அறுவை செய்துகொள்ளச் சொல்லிவிட்டார்கள், ஆனால் அப்பாவோ, "குழாய் நன்றாகத்தானே ஓடுகிறது, கையை வேறு எதற்கு வெட்ட வேண்டும்?" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்.

வீட்டில் நாங்கள் பார்ப்பது ரத்தத்தில் உள்ள கழிவைக் காட்டும் கிரியாட்டினின் என்ற எண் ஒன்றைத்தான். ஆரம்பத்தில் 9 என்று இருந்தது இப்போது ஆறரைக்கு இறங்கியிருப்பதால், சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது என்று உறவினர்கள் எல்லோரும் மகிழ்கிறார்கள். எனக்கு அப்படி மகிழ முடியவில்லை. அப்பா மெலிந்துகொண்டே வருகிறார். வேட்டி இடுப்பில் நிற்பதில்லை. அவருடைய உலர் எடையை, அதாவது கூடுதல் நீரெல்லாம் எடுத்தபின் இருக்க வேண்டிய எடையை, 55 கிலோ என்று குறித்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ மூன்று கிலோ கூடித்தான் போகிறார். இரண்டாவது மணி நேரம் முடியும்போது கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, ரத்த அழுத்தம் விழுகிறது, செவிலியர் சலைன் ஏற்றுகிறார், சில நாட்களில் நேரம் முடியும் முன்பே இயந்திரத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் மறுநாள் மதியம்வரை எழுந்து உட்காரவே தெம்பு இருப்பதில்லை.

என் கேள்வி இதுதான். சிகிச்சை நேரம், வாரத்துக்கு எத்தனை முறை, குழாயா ஃபிஸ்டுலாவா, இயந்திரத்தில் ரத்தத்தை ஓட்டும் பம்ப்பின் வேகம், எந்த வகை ஃபில்டர் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இவற்றுள் எவை நோயாளியின் ஆயுளோடும் நலத்தோடும் உண்மையில் தொடர்புடையவை என்று நிறுவப்பட்டிருக்கின்றன? கூடுதல் பணம் கட்டினால் ஹீமோடயாஃபில்ட்ரேஷன் என்ற புதிய முறையில் செய்யலாம் என்றும் ஒருவர் சொன்னார். எல்லாவற்றையும் வாங்கிக் கொடுக்கும் வசதி எங்களுக்கு இல்லை. எதை முதலில் வற்புறுத்திக் கேட்பது என்று தெரிந்தால் போதும்.

வாலாஜா டெக்னீஷியன்

சகோதரி, நான் டயாலிசிஸ் பிரிவில் பணிபுரிபவன், மருத்துவர் அல்லன். ஆகவே மருந்துகளைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு கணக்கு வெளிப்படையாகவே இருக்கிறது, அதை யாரும் உங்களுக்குப் போட்டுக்காட்டவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

மூன்று கிலோ என்றால் மூன்று லிட்டர் தண்ணீர். அதை மூன்று மணி நேரத்தில் எடுத்தால் மணிக்கு 1000 மில்லி. 55 கிலோ உடலுக்கு வகுத்தால், ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 18 மில்லி. மணிக்கு 10 மில்லியைத் தாண்டும்போதே இறப்பு விகிதம் கூடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 13க்கு மேல் போனால் அபாயம் தெளிவாகவே உயர்கிறது என்று 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டது. உங்கள் அப்பாவுக்கு 18இல் ஓடுகிறது. இயந்திரம் ரத்தத்திலிருந்துதான் நீரை இழுக்கிறது. கால் வீக்கத்திலும் திசுக்களிலும் தேங்கிய நீர் மெல்ல மெல்லத்தான் ரத்தக் குழாய்க்குள் வந்து சேரும். ஊற்று ஊறும் வேகத்தைவிட வேகமாக மோட்டார் போட்டு இறைத்தால் கிணறு என்ன ஆகுமோ அதுதான் ரத்தக் குழாய்க்கும் ஆகிறது. அழுத்தம் விழுகிறது, கால் இழுக்கிறது, இதயத் தசைக்குப் போக வேண்டிய ரத்தமும் அந்த நேரத்தில் குறைகிறது. பிறகு நாங்கள் சலைன் ஏற்றுகிறோம், அதாவது எடுத்த தண்ணீரில் ஒரு பகுதியையும் அதோடு உப்பையும் திருப்பிக் கொடுக்கிறோம். வீட்டுக்குப் போனதும் அந்த உப்பு தாகமாக மாறுகிறது. அடுத்த முறை மறுபடியும் மூன்று கிலோ. இந்தச் சுழல் ஃபில்டரை மாற்றினால் உடையாது.

இதே மூன்று லிட்டரை நான்கு மணி நேரத்தில் எடுத்தால் கிலோவுக்கு மணிக்கு 13.6 மில்லி ஆகும். அதுவும் அதிகம்தான். ஆனால் வாரத்துக்கு மூன்று முறை என்று ஆகி, இடைப்பட்ட நாட்கள் குறைந்து, இரண்டு கிலோ மட்டும் கூடி வந்தால், நான்கு மணி நேரத்தில் 9 மில்லிக்கு இறங்கிவிடும். கால் இழுப்புக்கு மாத்திரை கேட்பதற்கு முன்னால் இந்த வகுத்தலைக் காகிதத்தில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

சலைனுக்குத் தள்ளும் வேறு காரணங்களும் உண்டு. அன்று காலை ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறாரா? இயந்திரத்தில் இருக்கும்போதே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வயிறு நிறையச் சாப்பிடுகிறாரா? சாப்பிட்டதும் ரத்தம் குடலுக்குப் போவதால் சிலருக்கு அழுத்தம் சடாரென்று இறங்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள்.

உலர் எடையைப் பற்றியும் ஒரு சொல். அவர் சதை இழந்து மெலிந்திருந்தால் 55 கிலோ என்ற பழைய குறிப்பு இனி சரியாக இருக்காது. உடல் 52க்கு மெலிந்த பின்னும் 55இல் நிறுத்தினால், அந்த மூன்று கிலோவும் உடலிலும் நுரையீரலிலும் தேங்கும் தண்ணீர்தான். படுத்தால் மூச்சு வாங்குகிறதா, தலையணையை இரண்டாக வைத்துக்கொள்கிறாரா என்று கவனியுங்கள்.

சிகிச்சை போதுமா என்பதைக் கிரியாட்டினின் சொல்லாது. ரத்தத்தில் யூரியா என்ற கழிவின் அளவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்து, எத்தனை சதவீதம் குறைந்தது என்று பார்க்க வேண்டும். முன்பு 140, பின்பு 49 என்றால் 65 சதவீதம்; வாரம் மூன்று முறை செய்பவருக்கே அது குறைந்தபட்சம். பின் ரத்தத்தை எடுக்கும் முன் பம்ப்பை நிமிடத்துக்கு 100 மில்லிக்கு இறக்கி 15 விநாடி பொறுத்திருக்க வேண்டும். அவசரத்தில் அதைச் செய்யாமல் எடுத்தால், சுத்தமாகித் திரும்பும் ரத்தமே ஊசிக்குள் கலந்து, கணக்கு இல்லாத அழகைக் காட்டும். ஃபில்டரைக் கழுவி மறுபடி பயன்படுத்தும் மையமாக இருந்தால், அதன் கொள்ளளவு முதலில் இருந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே போனதும் தூக்கி எறிய வேண்டும். அந்த அளவை ஒவ்வொரு முறையும் எழுதி வைக்கும் பதிவேடு இருக்கும், கேட்டால் காட்ட வேண்டும்.

காட்பாடி ஆசிரியர்

அம்மா, நான் பொதுச் சுகாதாரம் கற்பிப்பவன். மேலே டெக்னீஷியன் தம்பி சொன்னதை ஏற்றுக்கொண்டே, அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சற்று விரிவாக எழுதுகிறேன்.

1996இல் அமெரிக்காவில் தொடங்கி, பின்னர் ஐரோப்பிய நாடுகளுக்கும் ஜப்பானுக்கும் விரிந்த 'டாப்ஸ்' என்ற பன்னாட்டு ஆய்வு, ஒரே நோய்க்கு ஒரே இயந்திரத்தைக் கொண்டு சிகிச்சை பெறுபவர்கள் நாட்டுக்கு நாடு வெவ்வேறு காலம் வாழ்வது ஏன் என்று கேட்டது. மையங்களின் பழக்கங்களைப் பதிவு செய்து, நோயாளிகளின் வயது, சர்க்கரை, இதய நோய் போன்றவற்றைக் கணக்கில் கழித்து ஒப்பிட்டது. ஏழு நாடுகளின் தரவைக் கொண்டு 2006இல் வெளியான அதன் பகுப்பாய்வில், 240 நிமிடத்துக்கு மேல் சிகிச்சை பெற்றவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. ஒவ்வொரு 30 நிமிடம் கூடும்போதும் இறப்பு அபாயம் ஏறத்தாழ 7 சதவீதம் குறைந்ததாகக் காணப்பட்டது. ஃபிஸ்டுலா உள்ளவர்களைவிடக் குழாய் வைத்திருப்பவர்களிடம் இறப்பும் கிருமித் தொற்றும் கூடுதல் என்பதும், சிகிச்சையைத் தவறவிடுபவர்களிடம் இறப்பு அதிகம் என்பதும், முடிந்தபின் தேறுவதற்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறவர்களிடம் அபாயம் கூடுதல் என்பதும் இதே ஆய்விலிருந்து வந்தவை. உங்கள் அப்பா மறுநாள் மதியம்வரை எழ முடியாமல் கிடப்பதை 'டயாலிசிஸ் என்றால் அப்படித்தான்' என்று யாராவது தள்ளிவிட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஜப்பானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே பம்ப் வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 200 மில்லி அளவில்தான் இருக்கும். அமெரிக்காவில் அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆயினும் நீண்ட காலம் வாழ்பவர்கள் ஜப்பானியர்கள்தான். அங்கு மிகப் பெரும்பாலோருக்கு ஃபிஸ்டுலா இருக்கிறது, சிகிச்சை நேரமும் நான்கு மணி நேரத்தை ஒட்டியே நிற்கிறது. வேகமாக ஓட்டி விரைவாக முடித்துவிடுகிறோம் என்று பெருமை பேசும் மையங்களைக் கண்டால் எனக்கு இந்த ஒப்பீடுதான் நினைவுக்கு வரும். ஆனால் ஜப்பானியரின் பொதுவான இதய நோய் விகிதமே குறைவு என்பதால், பெருமை முழுவதையும் டயாலிசிஸ் பழக்கத்துக்குக் கொடுத்துவிடவும் முடியாது.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. இவை பார்த்துப் பதிவு செய்த ஆய்வுகள். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரு குழுக்களாகப் பிரித்துச் செய்த சோதனைகள் அல்ல. உடல் தளர்ந்தவர்களுக்கும் ரத்தக் குழாய் கெட்டுப்போனவர்களுக்கும்தான் பெரும்பாலும் குழாயே தங்கிவிடுகிறது. ஆகவே அவர்கள் இறப்பதற்குக் குழாய் எவ்வளவு காரணம், நோய் எவ்வளவு காரணம் என்று துல்லியமாகப் பிரிப்பது எளிதன்று. குலுக்கிப் பிரித்த சோதனைகளைப் பார்த்தால் படம் கலங்குகிறது. 1,846 பேரைக் கொண்டு நடந்து 2002இல் வெளியான 'ஹீமோ' சோதனையில், குறைந்தபட்ச அளவுக்கு மேல் யூரியாவை இன்னும் கூடுதலாக நீக்கியதாலோ, பெரிய துளை ஃபில்டரைப் போட்டதாலோ மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை. நேரத்தையே சோதிக்க முயன்ற 'டைம்' என்ற பெரிய அமெரிக்கச் சோதனையும் பலன் காட்டாமல் நின்றது. ஆனால் அதில் இரண்டு குழுக்களுக்கும் கிடைத்த சராசரி நேரம் 216 நிமிடமும் 207 நிமிடமும்தான். ஒன்பது நிமிட வேறுபாட்டை வைத்து நேரத்துக்குப் பயனில்லை என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது.

டயாலிசிஸோடு, பெருமளவு திரவத்தை ரத்தத்திலிருந்து வடித்து எடுத்து ஈடாகத் தூய திரவத்தைச் சேர்க்கும் ஹீமோடயாஃபில்ட்ரேஷன் குறித்து: 2023இல் வெளியான 'கன்வின்ஸ்' என்ற ஐரோப்பியச் சோதனையில் 1,360 பேர் பங்கேற்றனர், அந்த முறையில் 17.3 சதவீதத்தினரும் வழக்கமான முறையில் 21.9 சதவீதத்தினரும் இறந்தனர். மதிக்கத்தக்க பலன்தான். ஆனால் அங்கே ஒவ்வொரு முறையும் 23 லிட்டர் அளவுக்குத் திரவத்தை மாற்றும் வலு வேண்டும். அதற்கு நல்ல ரத்த ஓட்டமும், மிகத் தூய நீரும், போதிய நேரமும் வேண்டும். கழுத்துக் குழாயில், மூன்று மணி நேரத்தில், வாரம் இரண்டு முறை செய்பவருக்கு அந்தப் பெயரில் கூடுதல் பணம் கட்டுவது என் பார்வையில் வீண். அதே பணம் மூன்றாவது தடவைக்கான பேருந்துக் கட்டணமாகவும் முட்டையாகவும் போகட்டும்.

வாரம் இரண்டு முறை என்பதைப் பற்றிச் சுருக்கமாக. ஏறத்தாழ 32,000 அமெரிக்க நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2011இல் வந்தது. வாரம் மூன்று முறை செய்பவர்களிலும், இரண்டு நாள் விடுமுறைக்குப் பின் வரும் நாளில்தான் இறப்பும் மாரடைப்பும் கூடுதலாக இருந்தன. திங்கள், வியாழன் என்று போகிறவருக்கு எல்லா இடைவெளியுமே அப்படிப்பட்ட நீண்ட இடைவெளிதான். சிறுநீர் இன்னும் கணிசமாகப் போகிறவர்களுக்கு இரண்டு முறை போதுமானதாக இருக்கலாம். அதை ஊகத்தால் சொல்லக் கூடாது, 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அளந்து சொல்ல வேண்டும்.

குடியாத்தம் பழைய நோயாளி

அம்மா, அறிவாளிகள் இருவரும் எழுதிவிட்டார்கள். நான் பல ஆண்டுகளாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கிரியாட்டினின் குறைந்தது என்று மகிழாதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தசையிலிருந்து வருவது. டயாலிசிஸ் கூட்டப்படாமல், மனிதர் மெலிந்து, எண் மட்டும் இறங்கினால், கரைவது தசை என்று எங்கள் மருத்துவர் சொல்வார். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு என்று கேளுங்கள். 'கிட்னி நோயாளிக்குப் புரதம் ஆகாது' என்று டயாலிசிஸுக்கு முன் சொன்ன பத்தியத்தை, டயாலிசிஸ் தொடங்கிய பின்னும் பிடித்துக்கொண்டிருக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தொடங்கிய பின் புரதம் கூட்ட வேண்டும். முட்டையின் வெள்ளைக்கரு மலிவானது, பாஸ்பரஸும் குறைவு.

தாகத்தைப் பொறுத்தவரை, நம் வேலூர் வெயிலைக் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. கத்திரி வெயிலில் எனக்கு வாய் வறண்டது உண்மை. ஆனால் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் தட்டிலிருந்து போன பிறகுதான் எடை இரண்டு கிலோவுக்குள் நின்றது. தண்ணீரை அளந்து கொடுத்துவிட்டு உப்பை அளக்காமல் விட்டால், அப்பாவுக்கும் உங்களுக்கும் சண்டைதான் மிஞ்சும். உப்புக்கு மாற்று என்று கடையில் விற்கும் பொடியைத் தொடவே தொடாதீர்கள், அதில் இருப்பது பொட்டாசியம். வெயிலுக்கு இதம் என்று யாராவது இளநீர் வெட்டிக் கொடுத்தாலும் அதே ஆபத்துதான். டயாலிசிஸ் இல்லாத மூன்று நாள் இடைவெளியில் அது இதயத்தையே நிறுத்திவிடும்.

ஃபிஸ்டுலாவுக்கு உங்கள் அப்பா பயப்படுவது எனக்கு நன்றாகப் புரிகிறது. மரத்துப்போகும் ஊசி போட்டு மணிக்கட்டில் ஒரு சிறிய கீறல்தான். அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது காலையில் கண் விழித்ததும் வலது கை விரல்களை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பல் துலக்குவதற்கு முந்திய வேலை. விரலுக்கடியில் விர்ரென்று ஓர் அதிர்வு ஓடும். அது நின்றுவிட்டால் அன்றே, சில மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழாய் இருந்த காலத்தில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிக்க முடியாமல் இருந்தேன். டயாலிசிஸ் ஓடும்போது குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறியிருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு உடனே சொல்லச் சொல்லுங்கள். பாராசிட்டமால் போட்டுப் படுக்க வைத்துவிடாதீர்கள்.

சோளிங்கர் மகள்

மூவருக்கும் நன்றி. அந்த 18 என்ற எண்ணைப் பார்த்து அதிர்ந்து போனேன். இன்று மையத்தில் கேட்டேன். ஒரு நாளைக்கு நான்கு ஷிப்ட் ஓடுவதால் நான்கு மணி நேரம் கொடுக்க வாய்ப்பில்லை, வேண்டுமானால் பம்ப் வேகத்தைக் கூட்டித் தருகிறோம் என்கிறார்கள். சிறுநீர் ஒரு நாளைக்கு அரை டம்ளர் அளவுதான் போகிறது. அப்பாவிடம் ஃபிஸ்டுலா பற்றிய பகுதியைப் படித்துக் காட்டினேன், "அந்தக் குடியாத்தத்துக்காரர் தலைக்குக் குளிக்கிறாரா?" என்று மட்டும் கேட்டார்.

வாலாஜா டெக்னீஷியன்

குளிக்கிறார் என்று சொல்லுங்கள் ஐயாவிடம்!

பம்ப் வேகத்தைக் கூட்டினால் யூரியா கூடுதலாகப் போகும். தண்ணீரை எடுக்கும் கணக்கில் ஒரு சொட்டும் மாறாது. மூன்று லிட்டரை மூன்றால் வகுத்தால் வருவது வருவதுதான். கழுத்துக் குழாயில் ஓரளவுக்கு மேல் வேகமும் வராது, அலாரம்தான் அடிக்கும். எனவே அந்தச் சமாதானத்தை ஏற்காதீர்கள்.

நான்கு மணி நேரம் உண்மையிலேயே தர முடியாது என்றால், மூன்றாவது தடவையைக் கேளுங்கள். சிறுநீர் அரை டம்ளர்தான் என்னும்போது இரண்டு முறை என்பதற்கு மருத்துவக் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதை முடிவு செய்ய வேண்டியவர் சிறுநீரக மருத்துவர், ஷிப்ட் பட்டியல் அன்று. காப்பீட்டின் கீழ் மூன்றாவது தடவைக்கு அவருடைய கையெழுத்தோடு கோரிக்கை அனுப்பச் சொல்லுங்கள். இந்த மையத்தில் இடமே இல்லை என்றால், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வேறு இடத்திலோ இடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். வயிற்றுக்குள் திரவம் விட்டு வீட்டிலேயே செய்யும் முறை அவருக்கு ஏற்றதா என்பதையும் மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். அதற்கான பைகளை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

ஃபிஸ்டுலாவுக்கு அவர் சம்மதித்ததும், கை ரத்தக் குழாய்களை டாப்ளர் ஸ்கேனில் பார்த்துவிட்டு அறுவைக்கு நாள் குறிப்பார்கள். அறுவை முடிந்த பிறகும் ஊசி குத்தும் பக்குவத்துக்கு அது தடித்து வர ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் ஆகும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில சமயம் இன்னும் தாமதமாகும். அதனால்தான் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன். அவர் வலது கைப் பழக்கம் உள்ளவர் என்றால், இன்றிலிருந்தே இடது கையில் ரத்தம் எடுக்கவோ டிரிப் போடவோ யாரையும் விடாதீர்கள். சோதனைக் கூடத்தில் பழக்க தோஷத்தில் இடது கையைத்தான் நீட்டச் சொல்வார்கள்.